தென்னாப்பிரிக்காவுல வானம் பாக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

டர்பன், ஜோபர்க், பிரிட்டோரியான்னு இங்க இருக்குற நம்ம ஆளுங்க நெறைய பேர் கேக்குற மொத கேள்வி "எந்த டெலஸ்கோப் வாங்கலாம்"னுதான். இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் வெளிய வந்து தெக்கு பக்கம் திரும்பி நில்லுங்க, அது போதும் ஆரம்பிக்க. சென்னையிலயோ மதுரையிலயோ அடிவானத்தோட ஒட்டிக்கிட்டு கொஞ்ச நேரம் தெரிஞ்சுட்டு மறைஞ்சுபோற நட்சத்திரமெல்லாம் இங்க நல்லா உயரத்துல வந்து நிக்குது. நம்ம பால்வெளி மண்டலத்தோட நடு மையம் இருக்கு பாருங்க, அது வானத்துல இருக்குற இடமும் டர்பன் பூமியில இருக்குற இடமும் கிட்டத்தட்ட ஒரே அளவு தெக்கு, அதனால ஆகஸ்ட் ஆரம்பத்துல ராத்திரி ஒம்போது மணிக்கு அந்த மையம் நேர் உச்சந்தலைக்கு மேல வரும். ஐரோப்பாக்காரங்க இதப் பாக்கவே பிளைட் பிடிச்சு நமீபியாவுக்கு வராங்க. நமக்கு வீட்டு யார்டுல பாய் போட்டு படுத்தா போதும்.

எப்போ பாக்குறதுன்னு தெரிஞ்சுக்க தனியா எதுவும் வேணாம், வீட்டு சமையக்கட்டுல மாட்டியிருக்குற தமிழ் காலண்டரே போதும். அமாவாசை எந்த தேதின்னு பாருங்க, அதுக்கு முன்னாடி ஒரு வாரம், பின்னாடி நாலஞ்சு நாள், இதுதான் நட்சத்திரம் பாக்க நல்ல நேரம். பௌர்ணமிய ஒட்டின ராத்திரிகள்ல வானம் முழுக்க நிலா வெளிச்சம் பரவிடும், தைப்பூசக் காவடி அன்னிக்கு வானம் எவ்ளோ சுத்தமா இருந்தாலும் பெருசா ஒண்ணும் தெரியாது. நிலாவையே பாக்கணும்னா வளர்பிறை அஷ்டமி பக்கம், அத பத்தி கீழ சொல்றேன்.

டர்பன் இருக்குற குவாசுலு நட்டால்ல மே மாசத்துல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மழை கம்மி, காத்துல ஈரமும் கம்மி, ராத்திரி நீளம், அதனால இதுதான் நம்ம சீசன். ஜோபர்க் பக்கமும் இதே கதைதான், சம்மர்ல சாயங்காலம் ஆனா இடி மழை வந்து நிக்கும். கேப் டவுன்ல இருக்குறவங்களுக்கு அப்படியே தலைகீழ், அங்க குளிர்காலத்துலதான் மழை. டர்பன்காரங்களுக்கு இன்னொரு தொல்லை கரும்பு. அறுவடைக்கு முன்னாடி தோட்டத்துல தீ வைக்கிறாங்க இல்ல, டோங்காட், ஸ்டேங்கர் பக்கமெல்லாம் அந்த புகை வானத்துல மங்கலா நிக்கும், காருக்கு மேல கரி விழுந்திருந்தா அன்னிக்கு தெளிவா தெரியாதுன்னு முடிவு பண்ணிக்கலாம். குளிர் காத்து மழையோட ஒரு நாள் அடிச்சு ஓஞ்ச அடுத்த ராத்திரிதான் வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், அத மட்டும் விட்டுடாதீங்க.

வெளிய வந்த உடனே ஒண்ணும் தெரியலன்னு உள்ள போயிடக்கூடாது. கண்ணு இருட்டுக்கு பழக இருபது நிமிஷத்துல இருந்து அரை மணி நேரம் ஆகும், நடுவுல ஒரு தடவ போன் ஸ்கிரீன பாத்தீங்கன்னா மறுபடியும் மொதல்ல இருந்து. டார்ச் வேணும்னா அதுமேல சிவப்பு கலர் கண்ணாடிப் பேப்பர் ரெண்டு மூணு மடிப்பு வச்சு ரப்பர் பேண்ட் போட்டுடுங்க. ஸ்டெல்லேரியம்னு நட்சத்திர மேப் ஆப் ஒண்ணு நல்லா இருக்கு, இடத்த டர்பன்னு செட் பண்ணி நைட் மோட் போட்டுக்கோங்க, ஆனா அத பாத்துட்டே நிக்காதீங்க, சந்தேகம் வந்தா மட்டும் எடுங்க. பக்கத்து வீட்டு செக்யூரிட்டி லைட் கண்ணுல அடிச்சா சுவரோட நிழல்ல போய் உக்காந்துக்கோங்க. லோட் ஷெட்டிங்னு கரன்ட் கட் பண்ணிட்டு இருந்த காலத்துல எல்லாருக்கும் எரிச்சல்தான், ஆனா தெருவே இருட்டா கிடந்த அந்த ரெண்டு மணி நேரத்துல வெளிய வந்து மேல பாத்தவங்களுக்கு நான் எவ்ளோ எழுதினாலும் சொல்ல முடியாதது ஒரே பார்வையில புரிஞ்சிருக்கும்.

இப்போ தெக்கு எதுன்னு கண்டுபிடிக்கணும். வடக்குல துருவ நட்சத்திரம் இருக்கு, தெக்குல அந்த மாதிரி பளிச்சுன்னு ஒண்ணு கிடையாது, தெக்கு சிலுவைய வச்சுதான் கணக்கு. மே மாசம் நடுவுல ராத்திரி ஒம்போது மணிக்கு சிலுவை நல்லா உயரத்துல நேரா நிக்கும். அதுக்கு இடது பக்கம் ரெண்டு பெரிய நட்சத்திரம் பக்கத்துல பக்கத்துல இருக்கும், அதுல சிலுவைக்கு தள்ளி இருக்குறது ஆல்ஃபா சென்டாரி, கிட்ட இருக்குறது பீட்டா சென்டாரி, இந்த ரெண்டும் இருந்தாதான் அது நிஜ சிலுவை. ஏன்னா வலது பக்கம் தள்ளி இதவிட பெருசா, கொஞ்சம் மங்கலா, ஒரு போலி சிலுவையும் இருக்கு, மார்ச் மாசத்துல அதுதான் உச்சத்துல இருக்கும், புதுசா பாக்குறவங்க அதுல மாட்டிக்குவாங்க. நிஜ சிலுவையோட உச்சியில இருக்குற நட்சத்திரம் ஆரஞ்சு கலர்ல இருக்கும், அங்கிருந்து அடி நட்சத்திரம் வரைக்கும் ஒரு கோடு, அதே கோட்ட அதே திசையில நாலரை மடங்கு நீட்டுங்க, அங்கதான் வானத்தோட தெக்கு துருவம். அங்கிருந்து நேரா கீழ இறங்குனா தரையில தெக்கு. கைய நீட்டி முஷ்டிய மடக்குனா வானத்துல சுமார் பத்து டிகிரி, டர்பன்ல அந்த துருவம் அடிவானத்துல இருந்து மூணு முஷ்டி உயரத்துல இருக்கணும், சரியா வருதான்னு நீங்களே அளந்து பாருங்க. ஜோபர்க்ல கொஞ்சம் கம்மியா, கேப் டவுன்ல கொஞ்சம் கூடுதலா வரும். மணிக்கு ஒரு தடவ வெளிய வந்து பாருங்க, சிலுவை அந்தப் புள்ளிய சுத்திக்கிட்டு மெதுவா சாயறது தெரியும், பூமி சுத்துறத நம்ம கண்ணாலயே பாக்குறோம்.

வடக்கு பக்கம் திரும்புனா ஊர்ல பழகினதெல்லாம் தலைகீழா இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில மிருகசீரிடம், திருவாதிரை பக்கம் பாத்தீங்கன்னா சிவப்பா இருக்குற திருவாதிரை கீழயும் நீலவெள்ளையா இருக்குற ரைஜல் மேலயும் நிக்கும், நடுவுல மூணு நட்சத்திர பெல்ட், அதுக்கு மேல மங்கலா ஒரு திட்டு, அதுதான் ஒரையன் நெபுலா, நெபுலான்னா வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். நம்ம அகத்தியர் நட்சத்திரம், அதான் கனோபஸ், சென்னையில தெக்க தாழத்தான் தெரியும், இங்க பிப்ரவரி ராத்திரியில தூக்கி பாக்குற உயரத்துல ஜம்முன்னு நிக்குது. கார்த்திகைய இங்க ஜூலு மக்கள் இசிலிமேலான்னு சொல்வாங்க, ஜூன் மாசம் விடியக்காலையில அது மறுபடி கிழக்க தெரிஞ்சா உழவுக்கு தயாராகுற காலம். சப்தரிஷி மண்டலத்துல அருந்ததிய மட்டும் டர்பன்ல தேடாதீங்க, உச்சத்துல இருக்கும்போதே அடிவானத்துல இருந்து அஞ்சு டிகிரிதான், கட்டடமும் தூசியும் மறைச்சிடும்.

ரெண்டு மூணு வாரம் இப்படி வெறும் கண்ணாலயே பாருங்க. அதுக்கப்புறம் ஒரு பைனாகுலர், 10×50ன்னு போட்டிருக்கும், அதாவது பத்து மடங்கு பெருசாக்கும், முன்னாடி லென்ஸ் 50 மில்லிமீட்டர். கை நடுங்குறவங்களுக்கு 7×50 நல்லது. ஜூம் பைனாகுலர் வேணவே வேணாம், காட்சி சின்னதாவும் மங்கலாவும் இருக்கும். இதெல்லாம் சின்ன சாமான்தானேன்னு நெனைக்காதீங்க. நிக்கோலா லூயி த லக்காய்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1751ல கேப் டவுன் வந்து இறங்கி அரை இன்ச் லென்ஸ் வச்ச ஒரு குட்டி டெலஸ்கோப்ல பத்தாயிரம் நட்சத்திரத்துக்கு கிட்ட அளந்து, தெக்கு வானத்துக்கு பதினாலு மண்டலம் வகுத்து வச்சுட்டுப் போனார், அதுல ஒண்ணு நம்ம டேபிள் மவுன்டன். உங்க கையில இருக்குற பைனாகுலர் அவர் வச்சிருந்தத விட பல மடங்கு வெளிச்சம் வாங்கும்.

பைனாகுலர கையில பிடிச்சு நின்னுக்கிட்டு பாத்தா நட்சத்திரம் ஆடிக்கிட்டே இருக்கும், மடக்கு நாற்காலியில சாஞ்சு முழங்கைய கைப்பிடியில ஊணி பாருங்க, பக்கி (பிக்கப் வண்டி) இருந்தா பின்னாடி தட்டுல படுக்கை போட்டு படுத்துக்கோங்க. மொத வேல, ஃபோகஸ். இடது கண்ண மட்டும் திறந்து நடு சக்கரத்த திருப்புங்க, அப்புறம் வலது கண்ணுக்கு மட்டும் அங்க இருக்குற தனி வளையத்த திருப்புங்க, நட்சத்திரம் ஊசிமுனை மாதிரி புள்ளியா வரணும். இத ஒழுங்கா பண்ணாம பைனாகுலர் சரியில்லன்னு மூட்டை கட்டி வச்சவங்க நிறைய.

குளிர்காலத்துல எத பாக்கலாம்னா, சிலுவையோட இடது கை நட்சத்திரத்துக்கு பக்கத்துலயே ஒரு சின்ன கொத்து இருக்கு, ஜுவல் பாக்ஸ், அதையும் மொதல்ல குறிச்சு வச்சது லக்காய்தான். பைனாகுலர்ல சின்னதா தெரியும், பின்னாடி டெலஸ்கோப் வந்தப்புறம் அதுல ஒரே ஒரு சிவப்பு கல்லு நீல கல்லுங்களுக்கு நடுவுல இருக்குறத பாக்கலாம். இருட்டான இடத்துல சிலுவைக்கு பக்கத்துலயே நட்சத்திரமே இல்லாத ஒரு கறுப்பு ஓட்டை தெரியும், அது ஓட்டை இல்ல, பின்னாடி இருக்குற நட்சத்திரத்த மறைக்கிற தூசி மேகம், கோல்சாக்னு பேரு.

அடுத்தது ஒமேகா சென்டாரி. எனக்கு தெக்கு வானத்துல ஒண்ணே ஒண்ணு போதும்னா இதத்தான் கேப்பேன். பீட்டா சென்டாரில இருந்து கொஞ்சம் மேல எப்சிலான் சென்டாரின்னு ஒரு நட்சத்திரம், அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரத்த அதே திசையில இன்னொரு தடவ நீட்டுனா வந்துடும். வெறும் கண்ணுக்கு ஒரு மங்கலான நட்சத்திரம் மாதிரிதான், பழைய ஆளுங்களும் நட்சத்திரம்னுதான் கணக்குல வச்சாங்க. பைனாகுலர்ல பாத்தா பஞ்சு உருண்டை, ஓரம் கரைஞ்சு போயிருக்கும். மொத பார்வையில "அவ்ளோதானா"ன்னு தோணும், கண்ண எடுக்காதீங்க. அதுக்கு நேரா பாக்காம கொஞ்சம் பக்கத்துல பாருங்க, கண்ணோட ஓரப் பார்வைக்குதான் மங்கல் வெளிச்சம் நல்லா தெரியும், உருண்டை அப்படியே பெருசாகும். அஞ்சு நிமிஷம் கழிச்சு அது முழு வட்டம் இல்ல, லேசா நசுங்கின மாதிரி இருக்குன்னு தெரிய ஆரம்பிக்கும். அந்த உருண்டைக்குள்ள ஒரு கோடி நட்சத்திரம் பக்கம் இருக்கு. 6 இன்ச் அகல கண்ணாடி வச்ச டெலஸ்கோப்ல பாத்தா அந்த பஞ்சே மணல் மணலா உடைஞ்சு தெரியும், அத மொத தடவ பாக்குற யாரும் சத்தம் போடாம இருந்து நான் பாத்தது இல்ல.

சிலுவைக்கு வலது பக்கம் ஈட்டா கரினா நெபுலா, ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் சாயங்காலத்துலயே கிடைக்கும். நடுவுல இருக்குற ஈட்டா கரினா நட்சத்திரம் 1837 டிசம்பர்ல திடீர்னு பிரகாசமானத கேப் டவுன்ல இருந்து பாத்து எழுதினவர் ஜான் ஹெர்ஷல், 1843ல அது ராத்திரி வானத்துல ரெண்டாவது பிரகாசமான நட்சத்திரமா ஆயிடுச்சு, அப்புறம் மங்கிப்போச்சு. பக்கத்துலயே என்.ஜி.சி 3532ன்னு ஒரு நட்சத்திரக் கூட்டம், ஹபிள் விண்வெளி டெலஸ்கோப் 1990ல மொத மொத படம் எடுத்தது இந்த இடத்ததான். ஜூலை, ஆகஸ்ட்ல விருச்சிகம் உச்சந்தலையில, சிவப்பா கேட்டை, வளைஞ்ச வால்ல மூலம், வால் நுனிக்கு பக்கத்துல எம் 6, எம் 7னு ரெண்டு நட்சத்திரக் கூட்டம், ரெண்டும் பைனாகுலர்ல ஒரே காட்சியில வரும். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மெகல்லன் மேகங்கள், பெருசும் சின்னதும், ரெண்டும் வேற கேலக்ஸி, பெருசு 1,60,000 ஒளியாண்டு தூரம். இதுக்கு மட்டும் ஊர விட்டு வெளிய போகணும், டர்பன் வெளிச்சத்துல தெரியாது.

நிலாவ பத்தி சொல்றேன்னேன். அஷ்டமி அன்னிக்கு பாதி நிலா, வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டு மேலதான் கண்ண வைக்கணும், முழு நிலாவுல நிழலே இருக்காது, எல்லாம் தட்டையா தெரியும். இங்க வடக்க பாத்து நின்னா வளர்பிறை இடது பக்கம்தான் வெளிச்சமா இருக்கும். அந்த கோட்டு ஓரத்துல, இருட்டு பக்கத்துல, தனியா ஒரு வெள்ளை புள்ளி மின்னும், அது ஒரு மலையோட உச்சி, அடிவாரத்துல இன்னும் விடியல, உச்சியில மட்டும் வெயில் பட்டிருக்கு. ஒரு மணி நேரம் கழிச்சு பாத்தா புள்ளி பெருசாயிருக்கும். டர்பன் சாட்ஸ்வொர்த்ல ஒரு வீட்டு யார்டுல பிராய் (நெருப்புல கறி சுடுறது) நடந்துட்டு இருக்கும்போது இத ஒரு ஆயாவுக்கு காட்டினேன், அவங்க ரொம்ப நேரம் கண்ண எடுக்காம பாத்துட்டு "அங்க இப்பதான் பொழுது விடியுதாப்பா"ன்னு கேட்டாங்க. ஆமா ஆயா, அங்க ஒரு பகல் நம்ம ரெண்டு வாரம்னு சொன்னேன். நிலா மேப் எல்லாம் வடக்கு மேல இருக்குற மாதிரி அச்சடிச்சிருப்பாங்க, பைனாகுலர்ல பாக்கும்போது மேப்ப தலைகீழா பிடிங்க, டைக்கோ பள்ளம் மேல வரும். கீழ சொல்லப்போற டோப்சோனியன் டெலஸ்கோப்ல காட்சியே தலைகீழா வர்றதால மேப் அப்படியே பொருந்தும்.

ஒரு குளிர்காலம் இப்படி போனப்புறம் டெலஸ்கோப் யோசிங்க. பெட்டிமேல 525 மடங்கு, 675 மடங்குன்னு போட்டிருந்தா அந்த கடைய விட்டு வெளிய வாங்க. காத்து அசையாம நிதானமா இருக்குற ராத்திரியில கூட லென்ஸ் மில்லிமீட்டருக்கு ரெண்டு மடங்குதான் தாங்கும், 60 மில்லிமீட்டர்னா 120, அதுக்கு மேல வெறும் மங்கல். நான் சொல்றது 6 இன்ச் இல்லன்னா 8 இன்ச் டோப்சோனியன், கீழ ஒரு மரப்பெட்டி, கையால தள்ளுனா திரும்பும், அவ்ளோதான். இக்வடோரியல் ஸ்டாண்ட், அதாவது பூமி சுத்துறதுக்கு ஏத்த மாதிரி திரும்புற ஸ்டாண்ட், படம் எடுக்குறவங்களுக்கு நல்லது, ஆனா இங்க அத துருவத்துக்கு நேரா வைக்கணும்னா சிக்மா ஆக்டான்டிஸ்னு ஒரு நட்சத்திரத்த பிடிக்கணும், அது நகரத்து வானத்துல வெறும் கண்ணுக்கு தெரியவே தெரியாது, புதுசா வர்றவங்களுக்கு அந்த அவஸ்தை எதுக்கு. வாங்கினதும் பகல்லயே, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் தூரத்துல இருக்குற ஒரு கம்பத்த டெலஸ்கோப்ல பிடிச்சு, ஃபைண்டரையும் (குறி பாக்க மேல மாட்டியிருக்குற குட்டி கருவி) அதே கம்பத்துக்கு திருகி வச்சுடுங்க, இத செய்யாம இருட்டுல தேடுனா எதுவுமே கிடைக்காது. வெளிய எடுத்து வச்சு அரை மணி நேரம் ஆற விடுங்க. டர்பன் ஈரக் காத்துக்கு கண்ணாடியில பனி படியும், துணியால துடைக்காதீங்க, ஹேர் டிரையர லேசா காட்டுங்க.

மொதல்ல ஆல்ஃபா சென்டாரி பாருங்க, ஒரே நட்சத்திரம்னு நெனச்சது ரெண்டா பிரியும், நம்ம சூரியனுக்கு பக்கத்து வீடு, 4.4 ஒளியாண்டு. அதவிட இன்னும் கொஞ்சம் கிட்ட இருக்குற பிராக்ஸிமாங்குற நட்சத்திரத்த 1915ல கண்டுபிடிச்சது ஜோகன்னஸ்பர்க்ல இருந்து, ராபர்ட் இன்னஸ். வியாழன்ல நாலு நிலா, மறுநாள் பாத்தா இடம் மாறியிருக்கும். சனியோட ரிங் 2025 மார்ச்ல விளிம்பு பக்கமா திரும்பி கோடு மாதிரி ஆயிடுச்சு, இனிமே வருஷா வருஷம் விரியும்.

ஒரு நோட்டு வச்சுக்கோங்க, இதுதான் நான் அழுத்தி சொல்ற விஷயம். தேதி, நேரம், இடம், எந்த கருவி, வானம் எப்படி, என்ன பாத்தீங்க, பென்சில்ல ஒரு வட்டம் போட்டு அதுக்குள்ள வரைஞ்சுடுங்க. படம் அழகா வரணும்னு இல்ல, வரைய உக்காந்தாதான் கண்ணு உண்மையிலேயே தேட ஆரம்பிக்குது. திருவாதிரைய மாசம் ஒரு தடவ ரோகிணியோட ஒப்பிட்டு எது பிரகாசம்னு குறிச்சு வாங்க, 2020 பிப்ரவரியில திருவாதிரை மங்கினது வெறும் கண்ணாலயே தெரிஞ்சுது, தொடர்ந்து பாத்தவங்களுக்கு அது உடனே பிடிபட்டுது. இந்த நாட்டுல டேனி ஓவர்பீக்னு ஒருத்தர், தொழில்முறை விஞ்ஞானி இல்ல, வெளிச்சம் கூடிக் குறையுற நட்சத்திரங்கள இப்படி பாத்து ரெண்டரை லட்சத்துக்கும் மேல கணக்கு எழுதி வச்சிருக்கார். பிரிட்டோரியாவுல ஜாக் பென்னட், அவரும் அமெச்சூர்தான், 1968ல எம் 83 கேலக்ஸியில ஒரு சூப்பர்நோவாவையும் (வெடிச்சு சிதறுற நட்சத்திரம்) 1969 டிசம்பர்ல தன் பேர்ல ஒரு வால்நட்சத்திரத்தையும் பிடிச்சார். நோட்டும் பொறுமையும் இல்லாம இதெல்லாம் நடக்காது.

இடத்த பத்தி தெளிவா சொல்லிடறேன். ராத்திரியில தனியா ரோட்டோரம், பீச், மலை முனைன்னு காரை நிறுத்தி பாக்காதீங்க, கூட்டமா போங்க, கேட் உள்ள இடமா பாருங்க. கோயில் வளாகம், நண்பர்களோட தோட்டம், டிராக்கென்ஸ்பெர்க்ல அண்டர்பெர்க், ஹிமெவில் பக்கம் தங்குற பண்ணை வீடு, இதெல்லாம் நல்லது. அங்க ஜூலையில உறைபனி விழும், ரெண்டு ஜாக்கெட், கம்பளி தொப்பி, ஃபிளாஸ்க்ல இஞ்சி டீ இல்லாம கிளம்பாதீங்க. தென்னாப்பிரிக்க வானியல் சங்கம், ஏ.எஸ்.எஸ்.ஏ, 1922ல இருந்து இருக்கு, டர்பன், ஜோபர்க், பிரிட்டோரியா, கேப் டவுன்ல கிளைகள் இருக்கு, வருஷா வருஷம் ஒரு ஸ்கை கைடு போடுவாங்க, அத வாங்கிடுங்க. அவங்க ராத்திரி கூட்டத்துக்கு போனா அஞ்சாறு விதமான டெலஸ்கோப்ல கண்ணு வச்சு பாத்துட்டு எது உங்களுக்குன்னு முடிவு பண்ணலாம். லீவுல வடக்கு கேப்ல இருக்குற சதர்லேண்டுக்கு ஒரு தடவ பிள்ளைங்கள கூட்டிட்டு போங்க, அங்க சால்ட்னு 91 ஆறுகோண கண்ணாடி சேர்த்து செஞ்ச டெலஸ்கோப் 2005ல இருந்து ஓடுது, முன்கூட்டியே சொல்லி வச்சுட்டு போனா உள்ள சுத்திக் காட்டுவாங்க.

கடைசியா ஒரு தேதி குறிச்சுக்கோங்க, 2030 நவம்பர் 25. அன்னிக்கு காலையில முழு சூரிய கிரகணம், நிழல் நமீபியா, போட்ஸ்வானா வழியா வந்து டர்பன் மேலயே போகுது. நவம்பர்ல கடலோரம் மேகம் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால உள்நாட்டுல இன்னொரு இடமும் யோசிச்சு வச்சுக்கோங்க, ரூம் எல்லாம் சீக்கிரம் நிறைஞ்சிடும். சூரியன் முழுசா மறையுற அந்த கொஞ்ச நேரம் தவிர மத்த எல்லா நேரமும் ஐ.எஸ்.ஓ 12312-2ன்னு போட்ட கிரகணக் கண்ணாடி கண்டிப்பா வேணும். ஆனா அந்தக் கண்ணாடிய போட்டுக்கிட்டு பைனாகுலர்லயோ டெலஸ்கோப்லயோ சூரியன பாக்கவே கூடாது, ஒரு நொடியில கண்ணாடியில ஓட்டை விழுந்து கண்ணு போயிடும். பைனாகுலரா இருந்தாலும் டெலஸ்கோப்பா இருந்தாலும் முன் லென்ஸ் மேல இறுக்கமா மாட்டுற சோலார் ஃபில்டர்தான் போடணும், ஒவ்வொரு தடவ மாட்டுறதுக்கு முன்னாடியும் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு கீறலோ ஓட்டையோ இருக்கான்னு பாத்துடுங்க.